விகானின் பழைய வீடுகள்: வீட்டுக்காரர்களோடு சேர்ந்து காப்பாற்றிய ஊர்

பிலிப்பைன்ஸின் லூசோன் தீவில், மணிலாவுக்கு வடக்கே சுமார் 400 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது விகான். இலோகோஸ் சுர் மாகாணத்தின் தலைநகரம். சின்ன ஊர்தான். ஸ்பானியர் காலத்து வீடுகள் தோளோடு தோள் உரசி நிற்கும் தெருக்களுக்காக 1999இல் யுனெஸ்கோ இதை உலக மரபுச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது. கட்டம் போட்டாற்போல் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் 25 தெருக்கள், அவற்றில் 233 பழைய கட்டடங்கள். ஆசியாவில் ஸ்பானியர் திட்டமிட்டு அமைத்த ஊர்களில் இவ்வளவு முழுதாக மிஞ்சியது வேறு இல்லை.

கோட்டையையோ தேவாலயத்தையோ காப்பாற்றுவது ஒரு விதமான வேலை. அரசோ திருச்சபையோ, அதற்கு ஒரே உரிமையாளர்தான். முடிவெடுக்க ஒரு மேசை, பணம் வர ஒரு வழி இருக்கும். விகானில் கதை வேறு. இங்கே பெரும்பாலானவை குடும்பங்களுக்குச் சொந்தமான வீடுகள். கூரை ஒழுகினால் அந்தக் குடும்பம்தான் காசு புரட்ட வேண்டும். இடித்துவிட்டு நாலு மாடிக் கான்கிரீட் கட்டினால் நல்ல வாடகை வரும் என்பது அவர்களுக்கும் தெரியும். அப்படியிருந்தும் இருநூறுக்கு மேற்பட்ட வீடுகள் எப்படி நின்றன, இப்போது அவற்றை எது அரிக்கிறது என்று பார்ப்பதே இந்த ஆய்வு. இடிக்காதே என்று சட்டம் போட்டதோடு நிற்காமல், வீட்டுக்காரருக்குப் பழைய வீட்டை வைத்துக் காப்பதைச் சாத்தியமாக்கியதால்தான் விகான் பிழைத்தது என்பது என் கருத்து. அந்தக் கவனம் எங்கே குறைகிறதோ, அங்கேதான் இன்றைக்கு ஆபத்தும் இருக்கிறது.

ஸ்பானிய வீடு என்று சொல்லிவிட முடியாது

1572இல் ஹுவான் டி சல்செடோ என்ற இளம் ஸ்பானியத் தளபதி இந்தக் கரைக்கு வந்தார். பிலிப்பைன்ஸை ஸ்பெயினுக்காகப் பிடித்த லெகாஸ்பியின் பேரன் அவர். இரண்டாம் பிலிப் மன்னரின் மகன் பெயரால் வில்லா ஃபெர்னாண்டினா என்று ஊருக்குப் பெயர் வைத்தார். நடுவே சதுக்கம், அதன் ஒரு பக்கம் தேவாலயம், இன்னொரு பக்கம் அரசு அலுவலகம், அங்கிருந்து நேர்கோட்டில் தெருக்கள் என்று ஸ்பானியக் காலனிகள் எங்கும் பார்க்கும் அதே அமைப்பு இங்கேயும் வந்தது. 1758இல் நுவேவா செகோவியா மறைமாவட்டத்தின் தலைமையிடம் விகானுக்கு மாறியது. ஊரின் மதிப்பு உயர்ந்தது.

ஆனால் ஸ்பானியர் இங்கே கொஞ்சப் பேர்தான். பாதிரியார்கள், அதிகாரிகள், அவ்வளவே. தெருக்களை நிறைத்த வீடுகளைக் கட்டியவர்கள் சீன வணிகர்களும், அவர்கள் உள்ளூர் இலோகானோ பெண்களை மணந்து பிறந்த கலப்பு வம்சத்தாரும். அவுரிச் சாயம், கைத்தறித் துணி, புகையிலை ஆகியவற்றில் அவர்கள் செல்வம் சேர்த்தார்கள். இன்று நிற்கும் வீடுகளில் பெரும்பாலானவை 18ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து 19ஆம் நூற்றாண்டின் கடைசிக்குள் எழுந்தவை. பிலிப்பைன்ஸின் குடியரசுத் தலைவராக இருந்த எல்பிடியோ கிரினோவின் மாமனார் குடும்ப வீடான சிகியா மாளிகையே இதற்குச் சரியான சான்று. குடும்பப் பெயரைக் கேட்டாலே சீனத் தொடக்கம் தெரியும். உள்ளே போனால் ஐரோப்பிய நாற்காலிகளும் கண்ணாடிகளும்.

நம் பக்கத்துத் தொடர்பு ஒன்றும் இந்த ஊர் வரலாற்றில் உண்டு. 1762இல் ஆங்கிலேயர் மணிலாவைப் பிடித்தார்களே, அந்தப் படை கப்பலேறியது சென்னைப் பட்டணத்தில்தான். கம்பெனியின் சிப்பாய்களும் அதில் போனார்கள். ஸ்பானியர் நிலைகுலைந்த அந்தச் சமயத்தில் டியேகோ சிலாங் விகானில் கிளர்ச்சியைத் தொடங்கி ஊரைக் கைக்குள் கொண்டுவந்தார். ஆங்கிலேயரோடும் உறவு வைத்துக்கொண்டார். 1763 மே 28இல் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். போராட்டத்தைத் தொடர்ந்து நடத்திய அவர் மனைவி கப்ரியேலா சிலாங் அதே ஆண்டு செப்டம்பரில் விகானிலேயே தூக்கிலிடப்பட்டார். இப்போது சுற்றுலாப் பயணிகள் நடக்கும் தெருக்களில் சில, அன்றைக்கே போடப்பட்டிருந்தவை.

சரி, வீட்டுக்குள் போவோம். தெருவிலிருந்து பார்த்தால் குதிரை வண்டி நுழையும் அளவுக்குப் பெரிய மரக்கதவு. அதிலேயே ஆள் மட்டும் நுழைய ஒரு சின்னக் கதவு. கீழ்த்தளம் முழுக்கத் தடித்த செங்கல் சுவர். வண்டி நிறுத்தவும் சரக்கு வைக்கவும் கணக்கு எழுதவும் அது பயன்பட்டது. குடியிருப்பதெல்லாம் மாடியில். அகலமான மரப்படி ஏறினால் முதலில் ஒரு முன்கூடம், பிறகு தெருவைப் பார்த்த பெரிய கூடம், பக்கத்தில் படுக்கையறைகள், பின்னால் சமையலறை, அதையொட்டித் திறந்த மாடம். மூங்கில் கால்களின் மேல் நின்ற பழைய உள்ளூர்க் குடிசையின் ஏற்பாடும் இதேதான். கீழே காலி இடம், மேலே வாழ்க்கை. வணிகர்கள் அதையே செங்கல்லிலும் கெட்டி மரத்திலும் பெரிதாகக் கட்டிக்கொண்டார்கள். செங்குத்தாகச் சரியும் கூரையில் சீனச் சாயல் தெரிகிறது.

சன்னல்தான் என்னை மிகவும் கவர்வது. மாடியின் தெருப்பக்கம் ஏறக்குறைய முழுவதும் சன்னல்தான். திறந்து மூடும் கதவு கிடையாது. மரப்பள்ளத்தில் பக்கவாட்டில் தள்ளிவிடும் சட்டங்கள். ஒவ்வொரு சட்டத்திலும் உள்ளங்கையைவிடச் சிறிய சதுரங்களாகக் குறுக்குக் கம்பைகள் இழைத்து, ஒவ்வொரு சதுரத்திலும் ஒரு கடல் சிப்பித் துண்டைப் பொருத்தியிருப்பார்கள். கேப்பிஸ் என்று அங்கே சொல்லும் இந்தச் சிப்பி காகிதம்போல் தட்டையானது, பாதி ஒளி ஊடுருவுவது. நண்பகல் வெயிலை உள்ளே வடிகட்டிப் பால்நிறமாக விடும். திருகோணமலைக்குப் பக்கத்தில் தம்பலகாமம் குடாவில் ஒரு காலத்தில் முத்துக்காக எடுத்தார்களே, அதே இனச் சிப்பிதான் இது. கோவாவின் பழைய வீடுகளிலும் இதே சிப்பிதான் சன்னலில் இருக்கிறது. சிப்பிச் சட்டத்துக்கு அடுத்த பள்ளத்தில் சாய்பலகை வைத்த இன்னொரு சட்டம் ஓடும். வெயிலானால் அதை இழுத்துவிடலாம். சன்னலின் கீழே, தரையை ஒட்டி, மரக் கடைசல் கம்பிகள் போட்ட சிறு திறப்புகள் தனியாக இருக்கும். மேல் சன்னலைச் சாத்திவிட்டுக் கீழ்த்திறப்பை மட்டும் திறந்துவைத்தால், தரையில் படுத்திருப்பவருக்கு இரவு முழுக்கக் காற்று வரும். மின்விசிறி இல்லாத காலத்தில் வெப்ப நாட்டுக்காரர்கள் எவ்வளவு யோசித்துக் கட்டியிருக்கிறார்கள் என்பதற்கு இந்தச் சன்னல் ஒன்று போதும். இதை எடுத்துவிட்டு அலுமினியக் கண்ணாடிச் சன்னல் போட்டால் அழகு போவது ஒருபுறம், வீடு மூச்சுவிடும் வழியும் அடைபடும்.

தப்பியது எப்படி

மணிலாவில் இப்படி எத்தனையோ வீடுகள் இருந்தன. 1945 பிப்ரவரியில் நடந்த மணிலாப் போரில், மதிலுக்குள் இருந்த பழைய நகரமான இன்ட்ராமுரோஸ் ஏறக்குறைய முழுவதும் மண்ணாகிப் போனது. அங்கே இருந்த தேவாலயங்களில் சான் அகுஸ்தின் ஒன்றுதான் நின்றது. விகான் அருகே ஜப்பானியர் 1941 டிசம்பர் 10ஆம் தேதியே கரையிறங்கிவிட்டார்கள். ஆனாலும் 1945இல் பின்வாங்கும்போது அவர்கள் ஊரைக் கொளுத்தவில்லை. உள்ளூர் மனைவிகளையும் குழந்தைகளையும் விட்டுச்செல்லவிருந்த ஜப்பானிய அதிகாரிகளிடம் ஒரு ஜெர்மானியப் பாதிரியார் பேசி ஊரைக் காப்பாற்றினார் என்பது விகான்காரர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி.

போரைத் தாண்டியும் வேறு காரணங்கள் உண்டு. ஊரைச் சூழ்ந்த ஆறுகளில் மண் மேவி, கப்பல் சரக்கு வரும் வழி அடைபட்டது. வணிகம் வேறு ஊர்களுக்குப் போனது. அப்புறம் 1960களின் கடைசியில் அரசியல் வன்முறை. 1970 அக்டோபரில் ஞாயிறு திருப்பலியின்போது விகான் பேராலயத்துக்குள்ளேயே நாடாளுமன்ற உறுப்பினர் ஃப்ளோரோ கிரிசோலோகோ சுட்டுக் கொல்லப்பட்டார். தனியார் ஆயுதக் கும்பல்களுக்குப் பயந்து வசதியான குடும்பங்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு மணிலாவுக்கும் வெளிநாட்டுக்கும் கிளம்பின. இடித்துக் கட்டும் ஆசையோ பணமோ ஊரில் இல்லாத அந்த வருடங்களில் வீடுகள் அப்படியே நின்றன.

ஏழ்மையும் அச்சமும்தான் பழைய ஊர்களைக் காப்பாற்றுகின்றன என்று சிலர் எழுதுவது உண்டு. எனக்கு அதில் பாதிதான் உடன்பாடு. இருபது வருடம் பூட்டிக்கிடந்தால் வீடு நிற்கும். அதற்கு மேல் கூரைத் தகரத்தில் ஓட்டை விழும், மழை உத்தரத்தில் இறங்கும், கரையான் ஏறும். 1990களில் விகான் அந்த இடத்துக்கு வந்துவிட்டிருந்தது.

நகரம் செய்தது

1995இல் ஈவா மேரி மெடினா மேயரானார். காலியாகிக்கொண்டிருந்த ஊருக்குப் பழைய வீடுகளே முதலீடு என்று முடிவெடுத்து, ஊராரைக் கூட்டிப் பேசத் தொடங்கினார்கள். வீட்டுக்காரர்கள் ஏற்கனவே தங்களுக்குள் பழைய வீடுகளைக் காக்க ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். அந்தச் சங்கத்தோடு நகராட்சி கைகோத்தது. 1997இல் இரண்டு நகராட்சி ஆணைகள் வந்தன. ஒன்று, மையப் பகுதி எது, அதைச் சுற்றிய பாதுகாப்புப் பகுதி எது என்று எல்லை வரைந்தது. மற்றது, அந்த எல்லைக்குள் எதை மாற்றலாம், எதை மாற்றக்கூடாது என்று சொன்னது. உயரம், கூரைச் சாய்வு, சன்னல், நிறம், பெயர்ப்பலகை எல்லாம் அதற்குள் வந்தன. பழுதுபார்க்கும் விண்ணப்பங்களைப் பரிசீலிக்க ஒரு பாதுகாப்பு மன்றம் ஏற்பட்டது. 17 ஹெக்டேருக்குச் சற்று மேற்பட்ட மையப் பகுதியும் ஏறக்குறைய 19 ஹெக்டேர் சுற்றுப் பகுதியும் இந்த விதிகளுக்குள் வந்தன. இரண்டு ஆண்டுகளில் உலக மரபு அங்கீகாரமும் கிடைத்தது.

இந்தியாவானாலும் வேறு நாடானாலும், பாதி ஊர்கள் இந்த இடத்திலேயே நின்றுவிடும். பட்டியல் போட்டாயிற்று, தடை போட்டாயிற்று, இனி வீட்டுக்காரர் பாடு. விகான் அதற்கு மேலும் போனது. பழுதுபார்ப்பு விதிகளை வீட்டுக்காரருக்குப் புரியும்படி விளக்க, யுனெஸ்கோவின் பாங்காக் அலுவலகத்தோடு சேர்ந்து 2010இல் ஒரு கையேடு வெளியிட்டது. சுவரில் இந்த மாதிரி விரிசல் வந்தால் என்ன அர்த்தம், ஒழுகும் கூரையை எந்த வரிசையில் சரிசெய்வது, எந்த வேலையை நாமே செய்யலாம், எதற்கு ஆள் வேண்டும் என்று படங்களோடு சொல்லும் புத்தகம் அது. மரபுக் கட்டடம் பற்றி வெளிவரும் அறிக்கைகளில் எத்தனையை அந்தக் கட்டடத்தில் குடியிருப்பவர் எடுத்துப் படித்திருப்பார்? இதைப் படித்து வேலை செய்யலாம்.

கூடவே ஊரின் கைத்தொழில்களுக்கும் உயிர் கொடுத்தார்கள். நீண்ட சூளைகளில் சுடும் பெரிய மண் சாடிகள், அபெல் என்னும் கைத்தறித் துணி, மரச்சாமான் வேலை. பழைய வீடுகள் வரிசையாக நிற்கும் கிரிசோலோகோ தெருவில் மோட்டார் வண்டிகளை நிறுத்திவிட்டு, நடப்பவர்களுக்கும் குதிரை வண்டிகளுக்கும் மட்டும் விட்டார்கள். 2012இல் உலக மரபு உடன்படிக்கையின் நாற்பதாம் ஆண்டையொட்டி, மரபுத் தலங்களை நிர்வகிப்பதில் முன்மாதிரி என்று யுனெஸ்கோ விகானைத் தேர்ந்தெடுத்தது. பெரிய நிதி இல்லாமல், ஊராரை உள்ளே கொண்டுவந்து செய்தார்கள் என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். தகுதியான பாராட்டுதான்.

சுண்ணாம்பும் சிமெண்டும்

கொள்கை எல்லாம் கடைசியில் ஒரு கொத்தனாரின் கரண்டியில்தான் வந்து நிற்கிறது. ஆகவே இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

விகான் ஆற்றுச் சமவெளியில் இருக்கும் ஊர். நிலத்தடி நீர் அதிக ஆழத்தில் இல்லை. பழைய செங்கல் இன்றைய சூளைச் செங்கல்போல் கெட்டியானது அல்ல. மென்மையானது, நுண்துளைகள் நிறைந்தது. அடித்தளத்திலிருந்து ஈரத்தை அது மேலே இழுத்துக்கொண்டே இருக்கும். இந்த ஓதத்தைக் கட்டியவர்கள் தடுக்கப் பார்க்கவில்லை. அது வெளியேற வழி வைத்தார்கள். சுண்ணாம்புச் சாந்தால் கட்டி, சுண்ணாம்புக் காரை பூசி, மேலே சுண்ணாம்பு அடித்தார்கள். ஏறிய ஈரம் காரை வழியாகக் காற்றில் போய்விடும். ஈரத்தோடு வரும் உப்பு காரையில் பூக்கும். சில வருடங்களுக்கு ஒருமுறை அந்தக் காரை உதிரும், புதிதாகப் பூசுவார்கள். காரை கெடுவது குற்றமல்ல. உள்ளே இருக்கும் செங்கல்லுக்குப் பதிலாகத் தான் கெடுவதுதான் அதன் வேலை.

20ஆம் நூற்றாண்டில் சிமெண்ட் வந்தது. உதிர்ந்த காரையைப் பார்த்த வீட்டுக்காரர், இது அடிக்கடி விழுகிறது, ஒரே தடவையாகக் கெட்டியாகப் பூசிவிடுவோம் என்று நினைப்பது இயல்பு. சிமெண்ட் பூச்சு இரண்டு மூன்று வருடம் பளிச்சென்று இருக்கும். ஆனால் ஈரத்துக்கு வெளியேற வழியில்லை. அது பூச்சுக்குப் பின்னாலேயே தேங்கி, சுவரில் இன்னும் உயரம் ஏறும். முழங்கால் உயரத்தில் நின்ற ஓதம் இடுப்புக்கு வரும். உப்பு இப்போது காரைக்குப் பதிலாகச் செங்கல்லுக்குள்ளேயே படிகமாகும். படிகம் பெருக்கப் பெருக்கச் செங்கல்லின் முகம் பொரிந்து மாவாகும். ஒருநாள் சிமெண்ட் பாளமாகப் பெயர்ந்து விழும்போது, பின்னால் ஒட்டியிருந்த செங்கல்லின் முகத்தையும் சேர்த்தே எடுத்துக்கொண்டு விழும். பிளாஸ்டிக் பெயிண்டும் இதே கெடுதலைச் செய்கிறது, மெதுவாக.

ஆகவே விகானில் பழுதுபார்ப்பின் முதல் பாடம், சிமெண்டை எடுத்துவிட்டு மறுபடியும் சுண்ணாம்புக்குப் போவது. சொல்வது சுலபம். சுண்ணாம்பை நன்றாக நீற்றி ஊறவைத்து, சலித்து, மணலோடு சரியான பதத்தில் கலந்து, மெல்லிய அடுக்குகளாகப் பூசி, ஒவ்வொரு அடுக்கும் மெதுவாகக் காய விட வேண்டும். வெயிலில் சீக்கிரம் காய்ந்தால் வெடிக்கும். இந்தப் பதம் தெரிந்த கொத்தனார்கள் எங்குமே குறைந்துகொண்டு வருகிறார்கள். சிமெண்ட் கொத்தனார் ஒரு நாளில் முடிக்கும் சுவரைச் சுண்ணாம்புக்காரர் முடிக்க வாரக்கணக்கில் ஆகும். கூலி வித்தியாசம் வீட்டுக்காரர் தலையில்தான் விழுகிறது. விதி எழுதுபவர்கள் இந்தக் கூலிக் கணக்கையும் சேர்த்தே எழுத வேண்டும். சுண்ணாம்புதான் பூச வேண்டும் என்று சொல்லிவிட்டு, கூடுதல் செலவில் ஒரு பங்கைக்கூட ஏற்காத ஊரில், இரவோடு இரவாகச் சிமெண்ட் பூசப்படும்.

மரத்திலும் இதே சிக்கல். தூணுக்கும் உத்தரத்துக்கும் மொலாவே, தரைப் பலகைக்கு நாரா என்று பழைய வீடுகள் காட்டின் கெட்டி மரங்களால் ஆனவை. 2011இல் பிலிப்பைன்ஸ் அரசு இயற்கைக் காடுகளில் மரம் வெட்டுவதை நிறுத்தி ஆணையிட்டது. காட்டுக்கு அது அவசியமான ஆணை. ஆனால் ஒரு பழைய வீட்டின் தரைக்கு அதே அகலத்தில் அதே மரம் வேண்டுமென்றால், வேறொரு பழைய வீடு இடிந்த மரம்தான் கிடைக்கும். ஒரு வீட்டைக் காக்க இன்னொரு வீட்டின் எலும்பை வாங்க வேண்டியிருக்கிறது என்பது மனதை உறுத்துகிறது. கூரைகளில் பழைய ஓடு போய்த் தகரம் வந்தது 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே நடந்தது. நிலநடுக்கத்தில் ஓடு தலைமேல் விழுந்து உயிர்கள் போனதால் வந்த மாற்றம் அது. அதனால் இன்றைய தகரக் கூரையும் அந்த வீட்டின் வரலாற்றில் ஒரு பகுதிதான். அதைப் பிடுங்கிவிட்டு ஓட்டுக்குத் திரும்பு என்று வற்புறுத்துவது தேவையில்லை.

2022 ஜூலை 27

அன்று காலை அண்டை மாகாணமான அப்ராவை மையமாகக் கொண்டு 7.0 அளவில் நிலம் நடுங்கியது. விகானின் பழைய தெருக்களில் காரையும் செங்கல்லும் தெருவில் கொட்டின. ஆற்றுக்கு அந்தப் பக்கம், பாந்தாய் ஊரின் 16ஆம் நூற்றாண்டு மணிக்கோபுரத்தின் பகுதிகள் சரிந்தன. அக்டோபரில் 6.4 அளவில் இன்னொரு நடுக்கம் வந்து, ஏற்கனவே விரிந்த சுவர்களை மேலும் அசைத்தது.

பிலிப்பைன்ஸின் மற்ற ஊர்களில் இந்தக் காலத்து வீடுகளுக்கு மாடி முழுக்க மரம். கீழே கல்சுவர் ஒரு பாவாடைபோல் சுற்றியிருக்கும். பாரத்தை உள்ளே இருக்கும் மரத்தூண்கள் தாங்கும். நிலம் ஆடினால் மரச்சட்டகம் ஆடிக்கொடுக்கும். விகானில் பல வீடுகளுக்கு மாடிச் சுவரும் செங்கல்தான். தெருவுக்கு அதுவே கம்பீரம். நடுக்கத்தில் அதுவே பாரம். மாடிச் செங்கல் சுவர் மரச்சட்டகத்தோடு நன்றாகப் பிணைந்திருந்தால் சேர்ந்து ஆடும். பிணைப்பு அழுகியிருந்தால் தனியாகப் பிரிந்து வெளியே சாயும். மரத்துக்கும் சுவருக்கும் நடுவில் ஓதம் தேங்கி, தூண் நுனி உளுத்துப்போன வீட்டுக்கு எந்த அளவு நடுக்கமும் ஆபத்துதான். கூரை ஒழுகலையும் சிமெண்ட் பூச்சையும் பற்றி இத்தனை பேசுவது இதனால்தான். நடுக்கம் வருவதற்கு எத்தனையோ வருடம் முன்பே, ஒழுகும் தகரத்திலிருந்து அந்தச் சேதம் தொடங்கிவிடுகிறது.

நடுக்கத்துக்குப் பிறகு வழக்கமாக வரும் யோசனை, செங்கல்லை எடுத்துவிட்டுக் கான்கிரீட் தூணும் பீமும் போடுவது. மென்மையான சுவருக்குள் விறைப்பான கான்கிரீட்டைத் திணித்தால் அடுத்த நடுக்கத்தில் இரண்டும் ஒன்றையொன்று இடிக்கும். எஃகு இழைக்கம்பியால் சுவரைத் தரை மட்டத்திலும் கூரை மட்டத்திலும் உத்தரங்களோடு இழுத்துக் கட்டுவது, உளுத்த தூண் நுனியை மட்டும் வெட்டிப் புது மரம் பொருத்துவது, விரிசலில் சுண்ணாம்புக் கலவை செலுத்துவது போன்ற வழிகள் மெதுவானவை, கண்ணுக்குத் தெரியாதவை. வீட்டின் இயல்பு இவற்றால் கெடாது.

கீழே கடை, மேலே பூட்டு

கிரிசோலோகோ தெருவில் கீழ்த்தளம் ஏறக்குறைய முழுக்கவும் கடைகள். நினைவுப் பொருட்கள், பழம்பொருட்கள், தறித்துணி, சாப்பாடு. கடை வாடகை வருவதால்தான் பல குடும்பங்களால் கூரையை மாற்ற முடிகிறது. கீழே வணிகம், மேலே குடும்பம் என்பது இந்த வீடுகள் பிறந்தபோதே இருந்த ஏற்பாடும்கூட. எனவே கடைகளைக் குறை சொல்வது நியாயமில்லை.

எனக்குள்ள கவலை மாடியைப் பற்றி. கீழே வாடகை வருகிறது, குடும்பம் மணிலாவில் இருக்கிறது என்றால், மாடிக்குப் பூட்டு விழுகிறது. 1906இலிருந்தே இலோகானோக்கள் கரும்புத் தோட்ட வேலைக்கு ஹவாய் போகத் தொடங்கிவிட்டவர்கள். இன்று அமெரிக்கா முழுவதும் பரவியிருக்கிறார்கள். பூட்டிய மாடியில் சன்னலைத் தள்ளிவிட யாரும் இல்லை. காற்று வராமல் மரம் புழுங்குகிறது. ஒழுகும் இடத்தில் வாளி வைக்க ஆள் இல்லை. தெருவிலிருந்து பார்க்கும் பயணிக்கு எல்லாம் நன்றாகத்தான் தெரியும்.

இதற்கு எதிர்முனையில் ஒரு வழி, பிலிப்பைன்ஸின் இன்னொரு மாகாணமான பட்டானில் இருக்கிறது. பகாக் என்ற கடற்கரை ஊரில், நாட்டின் பல பகுதிகளிலிருந்து பழைய வீடுகளை வாங்கி, கல் கல்லாகப் பிரித்துக் கொண்டுவந்து மறுபடி கட்டி, விடுதி வளாகமாக நடத்துகிறார்கள். 2010இல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். இடிபட இருந்த வீடுகளை மீட்டோம் என்பது அவர்கள் சொல்லும் நியாயம். சில வீடுகள் விஷயத்தில் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனாலும் என்னால் அதைப் பாதுகாப்பு என்று ஏற்க முடியவில்லை. மணிலாவின் கியாபோவில் ஒரு தெருவைப் பார்த்து நின்ற வீட்டைத் தூக்கிக்கொண்டுபோய் கடற்கரையில் வைத்தால், தூணும் சன்னலும் வந்துசேரும். அந்தத் தெருவும் அக்கம்பக்கமும் வராது, அந்த அக்கம்பக்கத்தார் இழந்ததும் திரும்பாது. விகானின் 233 கட்டடங்களுக்கு மதிப்பு கூடுவதே அவை ஒன்றுக்கொன்று பக்கத்தில், கட்டிய இடத்திலேயே நிற்பதால்தான்.

வாரிசுகள்

இனி அடிப்படைச் சிக்கலுக்கு வருகிறேன். பெரிய நிதியுதவி கிடைத்தாலும், பத்து கொத்தனார்கள் தயாராக நின்றாலும், யார் கையெழுத்துப் போடுவது என்று தெரியாத வீட்டில் ஒரு செங்கல்லைக்கூட மாற்ற முடியாது.

பிலிப்பைன்ஸ் சட்டப்படி பிள்ளைகள் எல்லாருக்கும் சொத்தில் பங்கு உண்டு. தாத்தா பெயரிலேயே பத்திரம் கிடக்கும். மூன்று தலைமுறை கழிந்தால் வாரிசுகள் நாற்பது பேர் ஆகிவிடுவார்கள். ஒருவர் விகானில், ஐந்து பேர் மணிலாவில், மற்றவர்கள் ஹவாயிலும் கலிஃபோர்னியாவிலும். பத்திரத்தை மாற்ற வேண்டுமென்றால் முதலில் ஒவ்வொரு தலைமுறையின் மரணத்துக்கும் வாரிசு வரி கட்ட வேண்டும். 2018இல் அந்த வரியை ஒரே விகிதமாக 6 சதவீதத்துக்குக் குறைத்தார்கள். 2019இல் பழைய பாக்கிகளுக்குச் சலுகைச் சட்டம் வந்தது. அதன் கெடு 2025 ஜூன் 14 வரை நீட்டிக்கப்பட்டது. மரபு வீடுகளுக்காகக் கொண்டுவந்த சட்டங்கள் அல்ல இவை. ஆனால் பழைய வீட்டுக்கு மரபுச் சட்டங்களைவிட இவை அதிகம் உதவக்கூடியவை என்பேன்.

சிவில் சட்டத்தின் 494ஆம் பிரிவு, கூட்டுச் சொத்தில் எந்தப் பங்காளியும் எப்போது வேண்டுமானாலும் பாகம் கேட்கலாம் என்கிறது. ஒரு மாடிக் கூடத்தை நாற்பது பாகமாகப் பிரிக்க முடியாது என்பதால், பாகம் என்றால் விற்பனை என்றே ஆகிவிடுகிறது. ஆனால் அதே பிரிவு இன்னொன்றையும் சொல்கிறது. பங்காளிகள் கூடி, பத்து ஆண்டுகளுக்கு மிகாமல் சொத்தைப் பிரிப்பதில்லை என்று ஒப்பந்தம் செய்துகொள்ளலாம். காலம் முடிந்ததும் புது ஒப்பந்தத்தால் நீட்டிக்கலாம். உயில் எழுதுபவர் இருபது ஆண்டுகள் வரை பாகப்பிரிவினையைத் தடுத்துவைக்கலாம். 1620ஆம் பிரிவோ, ஒரு பங்காளி தன் பங்கை வெளியாளுக்கு விற்றால் மற்றப் பங்காளிகள் அதே விலைக்கு மீட்டுக்கொள்ளும் உரிமை தருகிறது. எழுத்துமூல அறிவிப்பு வந்த 30 நாட்களுக்குள் அதைச் செய்ய வேண்டும்.

வீட்டில் இருந்து விளக்கேற்றும் அந்த ஒரு வாரிசுக்கு உரிமை இருக்கிறது. 30 நாளில் புரட்டப் பணம் இருப்பதில்லை. விகான் நகரம் அடுத்து செய்ய வேண்டிய காரியம் இங்கேதான் என்று நினைக்கிறேன். பாதுகாப்பு மன்றத்தில் கட்டடக் கலைஞரோடு ஒரு வழக்கறிஞரும் உட்கார வேண்டும். வாரிசுப் பட்டியல் தயாரிக்கவும், பத்தாண்டு ஒப்பந்தம் எழுதவும், வெளிநாட்டில் இருப்பவர்களிடம் தூதரகம் வழியாகக் கையெழுத்து வாங்கவும் அவர் இலவசமாக உதவ வேண்டும். கூடவே, குடியிருக்கும் வாரிசு மீட்பு உரிமையைப் பயன்படுத்த அந்த 30 நாட்களுக்குள் கிடைக்கக்கூடிய குறைந்த வட்டிக் கடன் ஒன்றை நகரம் ஏற்பாடு செய்ய வேண்டும். கடனுக்கு ஈடாக, குடும்பத்தில் யாராவது ஒருவர் மாடியில் குடியிருப்பார் அல்லது மாடியை உள்ளூர்க் குடும்பத்துக்கு வாடகைக்கு விடுவார் என்ற நிபந்தனையைக் கடன் பத்திரத்திலேயே எழுதிவிடலாம்.